கருவிகளுக்கு நான்கு நட்சத்திரம், துண்டுக்கு ஒன்றுகூட இல்லை

திருச்சியில் எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் ஜிம் இது. கருவிகளில் குறை சொல்ல முடியாது. டிரெட்மில் குலுங்குவதில்லை, காலையில் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு, மாதம் 1,200 ரூபாய் அநியாயமும் இல்லை. மூட்டு வலிக்காகச் சேர்ந்த என்னைப் போன்ற ஓய்வூதியக்காரியைப் பயிற்சியாளர் பெண் விரட்டாமல் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்.

ஆனால் அறுவைசிகிச்சை வார்டிலேயே காலம் கழித்த செவிலியரின் கண் வேறு இடத்துக்குப் போய்விடும். பெஞ்சுக்குப் பக்கத்துக் கம்பியில் ஒரு நீலத் துண்டு தொங்குகிறது. வியர்வை துடைக்க எல்லோருக்கும் அது ஒன்றுதான்; தொட்டால் நசநசவென்று ஈரம். பெஞ்சின் ரெக்சின் ஓரம் கிழிந்து பஞ்சு தெரிகிறது. ரெக்சினைத் துடைக்கலாம், பஞ்சில் இறங்கியதை எப்படித் துடைப்பது? மல்லிகை வாசத்தில் ஏதோ ஒரு ஸ்பிரேயை அடித்து, அடித்த கையோடு துடைத்தும் விடுகிறார்கள். கிருமிநாசினியாகவே இருந்தாலும், புட்டியில் எழுதியிருக்கும் நேரம்வரை ஈரமாக நின்றால்தான் வேலை செய்யும்.

வரவேற்பில் இருக்கும் தம்பியின் கையில் ஒரு கட்டி. சுற்றிலும் சிவந்து, நடுவில் மஞ்சள் முனை. மேலே கட்டு எதுவும் இல்லை. "பூச்சி கடித்துவிட்டதம்மா" என்றான். மருந்துக் கடையில் தானாகவே அமாக்சிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்தை வாங்கிச் சாப்பிடுகிறானாம். எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது மெத்திசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. அது உண்டாக்கும் கட்டியையும் பலர் முதலில் பூச்சிக்கடி என்றுதான் நினைப்பார்கள். இது அதுதானா என்று சீழைப் பரிசோதித்தால்தான் தெரியும். அதுவாக இருந்தால் அமாக்சிசிலினும் பச்சைத் தண்ணீரும் ஒன்று. பென்சிலின் வகை மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய புரதத்துக்குப் பதில், மருந்துக்குப் பிடிகொடுக்காத வேறொன்றை அந்தக் கிருமி வைத்திருக்கிறது. மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-இலேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பிரிட்டனில் தென்பட்டுவிட்டது. இத்தகைய கட்டியை மருத்துவர் கீறிச் சீழை எடுப்பதுதான் முக்கிய வைத்தியம். வீட்டில் பிதுக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பினேன்.

உரிமையாளரிடம் துண்டைப் பற்றிப் பேசியபோது, "இங்கே வருபவர்கள் எல்லோரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்" என்றார். கிருமி குலம் கோத்திரம் பார்த்தா ஒட்டுகிறது? ஆரோக்கியமானவர்களிலேயே பத்தில் மூன்று பேர் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சும்மா குடியிருக்கும்; அதில் சிலரிடம் இருப்பது மருந்துக்கு அடங்காத வகை. தோலில் ஒரு சிராய்ப்புக் கிடைத்தால் உள்ளே நுழைந்துவிடும். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 2003-இல் 58 வீரர்களில் 5 பேருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது, எல்லாமே செயற்கைப் புல்தரையில் சிராய்த்த இடங்களில். விசாரித்தபோது, ஒரே துண்டை மூன்று பேர்வரை பயன்படுத்தியது தெரியவந்தது. பணக்கார அணி, துண்டுக்குப் பஞ்சமா?

இதைச் சொன்ன பிறகு நீலத் துண்டு மறைந்தது. தம்பியும் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறான். பெஞ்ச் மட்டும் அப்படியே இருக்கிறது, மல்லிகை ஸ்பிரேயும்தான்.

சேருபவர்கள் சொந்தத் துண்டு கொண்டுபோங்கள், சிராய்ப்பை மூடிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். ஆண்டுச் சந்தா கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். ரெக்சின் மாற்றும்வரை நான் மாதாமாதம்தான் கட்டுவேன்.