பந்து பார்க்க நான் போற மாமாக் கடை: தே தாரிக் சூப்பர், மீ கோரேங் சுமார்

மலேசியாவுல எங்க கிள்ளான் பக்கம் பந்து (ஃபுட்பால்) பார்க்க எந்த மாமாக் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நல்லாருக்கும்னு அடிக்கடி யாராவது கேக்கறாங்க, அதனால நான் வழக்கமா போற கடைய பத்தி எழுதிடறேன். கடை பேரு போட மாட்டேன், ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன், முதலாளி எங்க தாமான்லயே (குடியிருப்புலயே) இருக்கற மனுஷன், நாளைக்கு முகத்துல முழிக்கணும். முக்குல இருக்கற கடை, இருபத்தி நாலு மணி நேரமும் தொறந்திருக்கும், வெளிய கார் நிறுத்தற எடம் வரைக்கும் மேசை போட்டு வச்சிருப்பாங்க, தெரிஞ்சவங்களுக்கு இதுவே போதும் லா.

முதல்ல திரை. வெளிய சுவத்துல புரொஜெக்டர், உள்ள மூணு நாலு டிவி. பத்து மணி மேட்ச்னா புரொஜெக்டர் பக்கம் ஒக்காருங்க, நல்லா தெளிவா இருக்கும், ஆனா சத்தம் மட்டும் உள்ள இருக்கற ஸ்பீக்கர்லருந்துதான் வரும், அதனால வெளிய ஒக்காந்தவனுக்கு கமென்ட்ரி கேக்காது, மோட்டார் சத்தம்தான் கேக்கும். இதைவிட பெரிய கொடுமை என்னன்னா இந்த கடையில ஓடறது இன்டர்நெட் வழியா வர்ற லைன், எதிர்த்த வரிசையில இருக்கற இன்னொரு மாமாக்ல டிஷ் போட்டிருக்கான், அவனுக்கு நம்மளவிட முன்னாடியே வந்துடும். இங்க பெனால்டி அடிக்க பந்த இப்பதான் வைக்கறான், அங்க "கோல்ல்ல்"னு கத்தறானுங்க. அப்புறம் என்னத்த பார்க்கறது சொல்லுங்க. முதலாளிகிட்ட எத்தனையோ பேர் சொல்லியாச்சு, "அடுத்த மாசம் மாத்திடறேன் தம்பி"ன்னு சிரிக்கிறாரே தவிர மாத்தல.

சாப்பாடு. தே தாரிக் (ஆத்தின பால் டீ) இந்த ஏரியாவிலயே பெஸ்ட், நுரை நிக்கும், குராங் மானிஸ்னு சொன்னா நெஜமாவே சக்கரைய குறைச்சு போடறாங்க. ரொட்டி சானாய் (நம்ம பரோட்டாதான்) பந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆர்டர் பண்ணிடுங்க, ஹாஃப் டைம்ல கேட்டா எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாங்க, செகண்ட் ஹாஃப் பாதி ஓடற வரைக்கும் வராது, வந்தாலும் அவசரத்துல தட்டாம எடுத்து தோல் மாதிரி இருக்கும். மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) எண்ணெய் ஜாஸ்தி, இனிப்பு ஜாஸ்தி, ஏழு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) அது வேஸ்ட். மீன் கறி நல்லாருக்கும். மாட்டு கறி சாப்பிடாத நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம், இங்க மாட்டு கறிக்கு தனி சட்டி தனி கரண்டி, ஓரமா வச்சிருக்காங்க, கேக்காமலே "அது டாகிங், உங்களுக்கு வேணாம்ண்ணே"ன்னு பையனே சொல்லிடுவான். எங்க அம்மாவே வந்து சாப்பிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

இப்ப நெஜமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். நான் இந்த கடைக்கு போறது தே தாரிக்குக்காக மட்டும் இல்ல, மேசைய பார்க்கறதுக்காகவும்தான். முந்தியெல்லாம் பெரியவங்க பந்து பார்க்கணும்னா சீனர் காப்பிக் கடைக்கு போவாங்க, அங்க பீர் இருக்கும், பன்றி இறைச்சி இருக்கும், மலாய்க்காரங்க உள்ள வர முடியாது, நம்ம வீட்டு பொம்பளைங்களும் போக மாட்டாங்க. 1996-ல அஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி வந்ததுக்கு அப்புறம்தான் மாமாக் கடைக்காரங்க பெரிய திரைய மாட்ட ஆரம்பிச்சாங்க, இங்க ஹலால், பீர் கிடையாது, விலையும் கம்மி, யாரோட எடம்னும் இல்ல, ஒரு மைலோ ஐஸ வச்சிட்டு ரெண்டு மணி நேரம் ஒக்காந்தாலும் எழுப்ப மாட்டாங்க. இந்த நாட்டுல மூணு இனமும் ஒரே மேசையில ஒக்கார்றதுக்கு அரசாங்கம் எத்தனையோ திட்டம் போட்டுச்சு, மாமாக்காரன் ஒரு புரொஜெக்டர மாட்டி சத்தமில்லாம செஞ்சுட்டான்னு எனக்கு தோணும்.

ஆனா எல்லா ராத்திரியும் ஒரே மாதிரி கூட்டம் இல்ல, அதுதான் வேடிக்கை. இங்கிலீஷ் பிரிமியர் லீக் அன்னைக்கு யாரு என்ன இனம்னே பார்க்க முடியாது, மேன்யூ ஒரு பக்கம், லிவர்பூல் ஒரு பக்கம், அவ்வளவுதான் ஜாதி. எங்கயோ மழையில ஆடற வெள்ளைக்காரனுக்காக நம்ம பையனும் அஹமதுவும் ஆ லெக்கும் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. ஆனா ஹாரிமாவ் மலாயா, அதான் மலேசியா டீம், ஆடற அன்னைக்கு வந்து பாருங்க, முக்கால்வாசி மலாய் பசங்க, நம்ம ஆளுங்க ஒரு ரெண்டு மேசை, சீனர் அதைவிட கம்மி. சொந்த நாட்டு டீம் ஆடும்போது ஏன் இப்படின்னு கேட்டா எல்லாரும் "லெவல் சரியில்லடா"ம்பாங்க. லெவல் மட்டும்தான் காரணமா? எனக்கு நம்பிக்கை இல்ல.

கல்லாவுக்கு பக்கத்து மேசையில தெனம் ஒக்கார்ற மூணு பேர் இருக்காங்க, ஒரு சீன அங்கிள், ஒரு மலாய் பாக்சிக், ரயில்வேயில வேலை பார்த்து ரிட்டையர் ஆன நம்ம அங்கிள் ஒருத்தர். அவங்க ஆரம்பிச்சா 1980-லதான் நிக்கும். கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துல மலேசியா டீம் தென் கொரியாவ 2-1னு அடிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு தேர்வான கதை. கோல் கம்பத்துல நம்ம ஆர். ஆறுமுகம், அந்த நீட்டு கைக்கு ஸ்பைடர்மேன்னே பேரு, முன்னாடி சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் சுவர் மாதிரி, கடைசியில சபா மாநிலத்துக்காரன் ஹசான் சானி பந்த தள்ள இன்னொரு சபாக்காரன் ஜேம்ஸ் வோங் அடிச்ச கோல். அப்புறம் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள நுழைஞ்ச பிரச்சனையில நாடே ஒலிம்பிக்க பாய்காட் பண்ணி யாரும் போகல, அந்த எடம் வந்ததும் மூணு பேரும் சேர்ந்தே தலைய ஆட்டுவாங்க. அந்த டீம் லிஸ்ட்ட படிச்சா மலேசியாவ படிச்ச மாதிரி இருக்கும். ஆறுமுகம் 1988-ல கார் விபத்துல போயிட்டார், பாவம் வயசே இல்ல.

அப்படி ஒரு டீம் ஏன் இப்ப வர மாட்டேங்குதுன்னு கேட்டா அந்த ரயில்வே அங்கிள் சொல்றதுதான் எனக்கு சரியா படுது. அப்ப ரப்பர் தோட்டத்துக்கு தோட்டம் திடல் இருந்துச்சு, ரயில்வேக்கு டீம், போலீஸுக்கு டீம், சாயங்காலமானா பால் மரம் வெட்டிட்டு வந்த பசங்க வெறுங்கால்ல ஆடுவாங்க. தோட்டத்த வித்து வீடமைப்பு ஆனதும் ஜனங்க ஃபிளாட்டுக்கு வந்தாங்க, திடல் வரல. சீன பசங்க பாஸ்கெட்பாலுக்கும் பேட்மின்டனுக்கும் போயிட்டாங்க, பள்ளிக்கூடமும் தனித்தனி. இப்ப ஃபுட்சால் ஆடணும்னா மணிக்கு காசு கட்டணும், காசு போட்டு பத்து பேர் சேர்ந்தா எல்லாம் ஒரே வாட்சப் குரூப், ஒரே இனம். ஒண்ணா ஒக்காந்து கத்துறோம், ஒண்ணா ஆடறது கொறைஞ்சு போச்சு. இதுல மாமாக் கடைய குத்தம் சொல்ல முடியாது, அது ஆடறதுக்கான எடம் இல்லையே.

நடுவுல ஒரு நல்ல காலமும் வந்துச்சு. 2010 டிசம்பர்ல தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான சுசுகி கப், கே. ராஜகோபால் கோச், புக்கிட் ஜாலில்ல இந்தோனேசியாவ 3-0, ஜகார்த்தாவுல 1-2 தோத்தாலும் மொத்தத்துல கப் நமக்கு, அடுத்து பிரதமர் பொது விடுமுறையே விட்டார். அந்த வாரம் நம்ம பசங்க மஞ்சள் கறுப்பு ஜெர்சி போட்டுட்டு திரிஞ்சத பார்த்தேன், டீம்ல எஸ். குணாளன் வேற. நம்ம முகம் ஒண்ணு உள்ள இருந்தா எப்படி கூட்டம் சேருதுன்னு அப்ப தெரிஞ்சுது. 2025-ல என்ன ஆச்சுன்னா, தாத்தா பாட்டி இங்க பொறந்தாங்கன்னு சொல்லி வெளிநாட்டுலருந்து ஏழு பேர மலேசியா டீமுக்கு கொண்டாந்து, ஆவணம் பொய்னு ஃபிஃபா தண்டனை குடுத்துச்சு. அன்னைக்கு கடையில சிரிப்பு தாங்கல, "எங்க தாத்தா கேமரன்மலையில நெஜமாவே பொறந்தாரு, என்னை ஏன் கூப்பிடல"ன்னு ஒரு தம்பி கேட்டான், மலாய் பையன்தான் முதல்ல கை தட்டினான்.

பேட்மின்டன் ராத்திரி வேற ரகம். இந்த கடைக்கு ஒரே ஒரு தடவைதான் போகப் போறீங்கன்னா பேட்மின்டன் அன்னைக்கு போங்க. 1992-ல தாமஸ் கப் (ஆம்பளைங்க டீம் உலகக் கோப்பை) ஜெயிச்சதுலருந்து மலாய்க்காரங்க சிடேக் சகோதரர்கள், சீனர் ஃபூ கோக் கியோங்னு கலந்துதான் வருது, 2016 ரியோவுல நம்ம லீ சோங் வெய் செமிஃபைனல்ல சீனாவோட லின் டானை அடிச்சப்ப பரோட்டா போடறவர் மாவ அப்படியே விட்டுட்டு வெளிய ஓடி வந்தார். மறுநாள் ஃபைனல்ல சென் லோங்கிட்ட தோத்தப்ப யாரும் பில் கட்ட எழுந்திரிக்கல. இப்ப பியர்லி டான், தீனா முரளிதரன் ஜோடி. 2024 பாரிஸ்ல வெண்கலத்துக்கு ஆடி நாலாவது எடம் வந்துச்சுங்க, அந்த மேட்ச் அன்னைக்கு கடை பாதிக்கு மேல பொண்ணுங்க. துடோங் (தலைமுக்காடு) போட்ட தங்கச்சிங்க, சீன ஆன்ட்டி, எங்க அக்கா மகளுங்க, எல்லாம் "தீனா, தீனா"ன்னு கத்தறாங்க. ராத்திரியில மாமாக் ஆம்பளைங்க எடம்னு சொல்லிட்டிருந்த எங்க மாமா அன்னைக்கு வாயவே தொறக்கல, வேற எடம் இல்லாம நின்னுட்டே பார்த்தார்.

இன்னொரு கூட்டத்த யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. தே தாரிக் ஆத்தற அண்ணன், தட்டு எடுக்கற தம்பிங்க, இவங்கெல்லாம் ராமநாதபுரத்துலருந்தும் பங்களாதேஷ்லருந்தும் வந்தவங்க. அவங்களுக்கு பந்து புரியாது, கிரிக்கெட்தான் உசுரு. ஐபிஎல் நேரத்துல கல்லாவுக்கு மேல இருக்கற சின்ன டிவிய மட்டும் முதலாளி அவங்களுக்கு விட்டுடுவார், சத்தம் இல்லாம. தோனி எறங்கினா உங்க ஆர்டர் லேட்டாகும், கோவப்படாதீங்க, ஸ்கோர் கேளுங்க, உடனே வந்துடும்.

விலை: தே தாரிக் ரெண்டு வெள்ளி ஐம்பது காசு, ரொட்டி ஒண்ணு எண்பது, பெரிய மேட்ச் அன்னைக்கும் ஏத்தறது இல்ல, சில எடத்துல ஏத்துவான். கழிவறை மோசம், வீட்டுலயே போயிட்டு வந்துடுங்க. பத்து மணி மேட்ச்னா ஒன்பதரைக்குள்ள போங்க, பெரிய ஃபேனுக்கு கீழ ரெண்டாவது வரிசை நல்ல எடம், முதல் வரிசையில கழுத்து வலிக்கும். மஞ்சள் கோட்டுல வண்டிய போடாதீங்க, ஹாஃப் டைம்ல சம்மன் எழுத வருவாங்க. சாம்பியன்ஸ் லீக் விடியக்காலை மூணு மணிக்கும் போடறாங்க, அப்ப பழைய கறிதான் இருக்கும், ரொட்டியோட நிறுத்திக்கோங்க.