மஞ்சளாப்போன பழைய லெகோவுக்கு பார்லர் டெவலப்பர் க்ரீம்: 5-க்கு 3 ஸ்டார்

மொதல்லயே சொல்லிடறேன், இதை நான் தலைக்கு வாங்கல. முடிக்கு கலர் அடிக்கறப்ப கலக்குவாங்களே அந்த டெவலப்பர் க்ரீம், 40 வால்யூம், அதாவது 12% ஹைட்ரஜன் பெராக்சைடு, ஒரு லிட்டர் பாட்டில். கடைக்காரர் எத்தன பேருக்குன்னு கேட்டார், பொம்மைக்குன்னு சொல்ல கூச்சமா இருந்துச்சு, கல்யாண வீடுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

85-ல சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த லெகோ, ஒண்ணுமேல ஒண்ணு மாட்டி வீடு கட்டற பிளாஸ்டிக் கட்டை. ஜன்னலோரம் ஷோகேஸ்ல கட்டுன வீடாவே கெடந்ததுல வெள்ளைக் கட்டையெல்லாம் பீடி குடிக்கறவர் பல்லு மாதிரி ஆயிடுச்சு, ஆனா பிரிச்சுப் பாத்தா உள்பக்கம் பளிச்னு வெள்ளை. சோப்பு, பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட்னு தேய்ச்சு தேய்ச்சு கை வலிச்சதுதான் மிச்சம், ஏன்னா இது அழுக்கே இல்ல. லெகோ 1963-ல இருந்து ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதுல இருக்கற ரப்பர் பாகம் வெயிலும் காத்தும் பட்டு ஆக்சிடைஸ் ஆகி மஞ்சளாகுது. பெராக்சைடு தடவி திரும்ப வெயில்லயே வெச்சா அந்த மஞ்சள் வெளுத்துடும். கெடுத்த வெயிலே சரி பண்ணுது, வேடிக்கைதான். 2008 வாக்குல பழைய கம்ப்யூட்டர் சேக்கறவங்க பரப்புன வித்தை இது, ரெட்ரோபிரைட்னு சொல்வாங்க.

சரி க்ரீமுக்கு வரேன். பிரஷ்ஷால தடவி, காயாம இருக்க கிளிங் ராப் சுத்தி மொட்டை மாடில வெச்சேன், அம்மா வந்து இதென்னடா வத்தலான்னு கேட்டுட்டுப் போனாங்க. நாலு மணி நேரத்துல நல்லாவே வெளுத்துச்சு, ஆனா ராப் சுருங்குன எடத்துல க்ரீம் காஞ்சுபோய் திட்டுத் திட்டா கோடு விழுந்துடுச்சு, கூரைப் பலகை ரெண்டு வரிக்குதிரை மாதிரி இருக்கு. கட்டை மேல இருக்கற குமிழ் சந்துக்குள்ள போன க்ரீமைக் கழுவி எடுக்கறது தனி ரோதனை. பெரிய வழவழப்பான பொருளுக்கு, பழைய கேம் கன்சோல் மூடி மாதிரி, இது ஓகே. பொடிப் பொடி கட்டைக்கு வேணாம்.

மிச்சத்தை மெடிக்கல் ஷாப்ல கெடைக்கற சாதா பெராக்சைடுல போட்டேன், 20 வால்யூம், 6% தான். கண்ணாடி பாத்திரத்துல ஊத்தி முங்க வெச்சு, மணிக்கொரு தடவ கிளறி விட்டு (கேஸ் குமிழ் வந்து ஒட்டி கட்டை மெதக்கும், மெதந்த பாகம் வெளுக்காது), ரெண்டு நாள் வெயில். ஒரே சீரா வெள்ளை, ஒரு கோடு இல்ல. இதை மொதல்லயே பண்ணிருக்கலாம்.

கையுறை கண்டிப்பா போடுங்க, 12% விரல்ல பட்டு தோல் சுண்ணாம்பு தடவுன மாதிரி வெளுத்து ஒரு மணி நேரம் எரிச்சல். கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கங்க. பாத்திரத்தை இறுக்கி மூடிடாதீங்க, கேஸ் கெளம்பி வெடிச்சுடும். ஸ்டிக்கர் ஒட்டுன கட்டையும் நீலக் கட்டையும் உள்ள போடவே வேணாம், என் நீலம் ரெண்டு ஒரேயடியா வெளிறிப்போச்சு.

இது நிரந்தரம் இல்ல, திரும்ப மஞ்சளாகலாம், அதனால ஷோகேஸை இப்ப ஜன்னல்ல இருந்து தள்ளி வெச்சிருக்கேன். மிச்சமிருந்த முக்கா பாட்டில் க்ரீமை பக்கத்து தெரு பார்லர் அக்காவுக்குக் குடுத்தேன், எதுக்கு வாங்குனன்னு கேட்டாங்க, அங்கயும் கல்யாண வீடுன்னுதான் சொன்னேன்.