பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து பத்தியம் பார்க்கும் சேவை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்புரை

பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து அம்மாவை வரவழைப்பதா, இருக்கும் இடத்திலேயே பத்தியம் பார்க்க ஆள் வைப்பதா என்ற கேள்வி, வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்குக் குடிவந்த குடும்பங்களில் ஐந்தாம் மாதத்திலேயே எழுந்துவிடுகிறது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருப்பவர்கள் உள்ளூர் ஆளையே தயங்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. அம்மா வந்தால் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும்; அடுப்பும் வெந்நீரும் இந்த ஊருக்குப் பழகிய கையில் இருக்கட்டும்.

இதற்கு முதல் காரணம் நாள்கணக்கு. இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம் என்றாலும், தங்கக்கூடியது 30 நாள்தான். பத்தியமோ எங்கள் பக்கத்தில் 40 நாள். மருத்துவர் சொன்ன தேதிக்கு முன்பின்னாகப் பிள்ளை பிறப்பது வழக்கம் என்பதால், அம்மா முன்கூட்டியே வந்தால் பாதிக் காலம் காத்திருப்பதிலேயே கழியும். பிறந்தபின் விமானச் சீட்டுப் போட்டால், உதவி மிகவும் தேவைப்படும் முதல் வாரம் போய்விடும். அதோடு, முழங்கால் வலியோடு வருகிற அறுபது வயதுப் பெண்மணி, மொழி தெரியாத பசாரில் மீன் வாங்கி, பழக்கமில்லாத அடுப்பில் சமைத்து, மகளையும் பேரப்பிள்ளையையும் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகவும் எனக்குப் படவில்லை.

நான் இங்கே எழுதும் சேவைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாரியம்மன் கோவிலிலோ பெரிய சாலை மளிகைக் கடையிலோ விசாரித்தால் யாராவது கைப்பேசி எண்ணைத் தருவார்கள். அறுபதைத் தாண்டிய அந்த அம்மாளை ஊரே பெரியம்மா என்று அழைக்கிறது; நானும் அப்படியே அழைத்தேன். ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய தாயார் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற கொட்டகை அது. பத்து வயதிலேயே தாயாரோடு நின்று ஏணை ஆட்டியும் கஞ்சி ஊட்டியும் பழகியதாகச் சொன்னார். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் ஊருக்குள் மலிவு விலை வீடுகளுக்கு இடம்பெயர்ந்தபோது இந்தக் கைப்பழக்கமும் கூடவே வந்துவிட்டது. அருகிலுள்ள ஈப்போ நகரில் இத்தகைய சேவையை நிறுவனமாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சீருடையும் அச்சிட்ட உணவுப் பட்டியலும் உண்டு. ஆயாக்கொட்டகைப் பழக்கம் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

காலை ஏழரைக்கு வருவார். மதியம் இரண்டு மணிக்குமேல் கிளம்புவார். தாய்க்கும் சேய்க்கும் குளியல், தாய்க்குப் பகல் சாப்பாடு, இரவுக்கு மூடி வைக்கும் சாப்பாடு, பிள்ளைத் துணி துவைப்பது ஆகியவை கட்டணத்தில் அடங்கும். வீடு கூட்டுவதும் மற்றவர்களுக்குச் சமைப்பதும் அடங்காது. இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுகிறார் என்பதால் பின்னால் மனக்கசப்புக்கு இடமில்லை.

அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது ஏழாம் மாதத்தில் வீடு பார்க்க வந்த அன்றுதான். மருந்துச் சாமான் பட்டியல் சொல்லப் போகிறார் என்று காத்திருந்த என்னிடம், சுகாதார மையத்தில் கொடுக்கும் இளஞ்சிவப்பு அட்டைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இரத்த அளவும் சர்க்கரையும் எழுதியிருந்த பக்கங்களைத் தம் மகளுக்குக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிள்ளை பிறந்தபின் அவர் முதலில் விசாரித்தது ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையின் முடிவை. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. அந்த நொதி குறைவாக உள்ள குழந்தைக்குச் சில மருந்துகளும் மூலிகைகளும், துணிகளுக்கிடையே போடும் பாச்சை உருண்டையும்கூட இரத்த அணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். எங்கள் மகனுக்குக் குறைபாடு இல்லை. இருந்தும், மூத்தவளின் பழைய சட்டைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்து, உருண்டை வாடை இருந்தவற்றை ஒதுக்கிவிட்டார்.

எனக்கு அறுவைச் சிகிச்சையில் பிறந்த பிள்ளை. வயிற்றில் வெந்நீரை ஓங்கி அடித்து ஊற்றுவதுதான் ஊர் வழக்கம் என்பதால் குளியலை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். பெரியம்மா தையல் காய்ந்து மருத்துவர் பார்க்கும்வரை வயிற்றுப் பக்கமே நீரைக் கொண்டுபோகவில்லை. நொச்சியும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதித்து ஆறிய நீரை முதுகிலும் இடுப்பிலும் தொடையிலும் மட்டும், கையால் சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினார். மலாய்ப் பெண்கள் வயிற்றில் கட்டும் நீளமான பெங்கோங் துணியை வாங்கி வைக்கச் சொன்னவர், அதையும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே கட்டினார். காயத்தின்மேல் இறுக்காமல், மூச்சுவிட இடம் விட்டு. உடம்பு பிடித்துவிட மாக்சிக் என்று அழைக்கப்படும் மூத்த மலாய்ப் பெண்மணி ஒருவரை அழைத்து வருவது அவருடைய வழக்கமாம். அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்குக் கைகாலுக்கு மேல் வேண்டாம் என்று அவரே அதையும் நிறுத்திவிட்டார்.

குழந்தையைக் குளிப்பாட்டும் முறையை நான் அருகில் அமர்ந்து பார்த்தேன். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவே தலை படியும்படி பிள்ளையைக் கிடத்துவார். தொப்புள் விழும்வரை எண்ணெய் அந்தப் பக்கம் போகாமல் இடது கைவிரல்களால் மறைத்துக்கொள்வார். மூக்கில் எண்ணெய் விடுவதும், கண்ணிலும் காதிலும் ஊதுவதும், மூக்கைப் பிடித்து நீவுவதும் அவரிடம் இல்லை. என் அம்மா தொலைபேசியில் கேட்டபோது, “அதெல்லாம் இப்ப செய்றதில்லீங்க, சளி புடிச்சா யாரு பதில் சொல்றது?” என்று மரியாதையாகவே மறுத்துவிட்டார். வசம்பையும் கையில் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். நாக்கில் உரைத்துத் தடவவில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் குழந்தைக்கு நச்சு ஏறக்கூடும் என்பதும் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஊரில் பால்சுறாப் புட்டும் கருவாடும் பத்தியத்தின் உயிர். இங்கே முதலிடம் விராலுக்கு. ஹாருவான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் இந்த மீன் தையல் புண்ணை ஆற்றும் என்பதில் மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் மூன்றும் ஒரே கருத்தில் இருக்கின்றன. காலைச் சந்தையில் உயிரோடு வாங்கி, சாம்பல் போட்டு வழவழப்பைத் தேய்த்தெடுத்து, உரித்த முழுப் பூண்டு கைநிறைய, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, புளி இல்லாமல் நல்லெண்ணெயில் தாளித்து மண்சட்டியில் சுண்ட வைப்பார். மீன் துண்டைவிட, குழம்பில் குழைந்து கிடக்கும் பூண்டைத்தான் நான் தேடித் தேடிச் சாப்பிட்டேன். லேகியத்துக்குக் கருப்பட்டி கிடைக்காத வாரத்தில் தென்னை வெல்லமான குலா மெலாக்காவைப் போட்டார். சுக்கின் காரத்தோடு அது நன்றாகவே சேர்ந்தது. முருங்கைக்கீரை வேலியோரத்தில் பறித்தது. மருந்துக் குழம்பு மட்டும் என் வாய்க்குக் கசப்பு மிகுதி. திப்பிலியைக் குறைக்கச் சொன்ன பிறகு இறங்கியது.

எங்களுக்குள் உடன்பாடு இல்லாத விஷயங்களும் இருந்தன. பச்சைத் தண்ணீர் ஆகாது, தாகம் எடுத்தாலும் ஒரு மடக்குப் போதும் என்பது அவர் வளர்ந்த வழக்கம். பாலூட்டும் பெண்ணுக்கு, அதுவும் இந்தப் புழுக்கத்தில், அது சரியல்ல என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேசிப் பார்த்தபின் சீரகம் போட்டுக் காய்ச்சிய நீரை வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டு, பெரிய குவளையில் தாமே நிரப்பி வைத்தார். சாம்பிராணி விஷயத்தில் அவ்வளவு எளிதில் இசையவில்லை. தலைக்குப் புகை காட்டாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும் என்பதில் உறுதியாக இருந்தார். பிள்ளை இருக்கும் அறையில் புகை கூடாது என்பதில் நானும் உறுதியாக இருந்ததால், பின்கட்டுக்குச் சட்டியைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வதென்று முடிவாயிற்று. இவரை அமர்த்துபவர்கள் இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சுகாதார மையத்திலிருந்து மிஸ்ஸி என்று இங்கே அழைக்கும் தாதி வீட்டுக்கு வந்து பார்க்கும் நாள்களில் பெரியம்மாவின் அருமை இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. என் மலாய் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் உதவும். தையல், காய்ச்சல், பிள்ளை நனைக்கும் துணிகளின் எண்ணிக்கை என்று தாதி கேட்டவற்றுக்கு அவர் மலாயில் சரளமாகப் பதில் சொன்னார். தாதி சொன்னதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். மகனுக்கு மஞ்சள் தெரிந்தபோது இளவெயிலில் காட்டலாம் என்று முதலில் நினைத்தவர் அவர்தான். வெயில் சிகிச்சையாகாது, இரத்தத்தில் அளவு பார்த்தாக வேண்டும் என்று தாதி சொன்ன மறுநிமிடமே துணியைச் சுற்றிப் பிள்ளையைக் கிளப்பிவிட்டார். தமக்குத் தெரிந்ததே சரி என்று சாதிக்காத இந்தக் குணத்துக்காகவே நான் இவரைப் பரிந்துரைக்கிறேன்.

முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணேறு என்றோ காற்றுச் சேட்டை என்றோ அவர் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு என்னைத் தூங்கச் சொன்னார்; கிளம்பும்முன் என் கணவரை வாசலில் நிறுத்தி, “ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க தம்பி, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகாதீங்க” என்றார். பிறந்த வீட்டு மனிதர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு இப்படிக் கவனித்துச் சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காவல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

நான்கு வயது மூத்தவளைப் பார்த்துக்கொள்வது ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் அவளைத் தள்ளி வைக்கவில்லை. சோப்புப் பெட்டியைப் பிடிக்கவும் துண்டை நீட்டவும் வைத்து, தம்பியின் குளியலில் அவளுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். பசியாறி முடித்ததும் தலைவாரிப் பின்னலும் போட்டுவிடுவார். ஒப்பந்தத்தில் இல்லாத இன்னோர் உதவியும் உண்டு. இங்கே பிறந்ததால் மட்டும் எங்கள் பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை கிடைக்காது. பிறப்பை 60 நாளுக்குள் பதிவிலாகாவில் பதிந்து, ஓராண்டுக்குள் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்திலும் பதிந்து, கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எடுத்து, அதன்பின் குடும்பத்தார் தங்குவதற்கான சார்ந்தோர் பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடப்பிதழ்ப் படத்துக்குக் கண் திறந்திருக்க வேண்டும் என்று கணவர் திண்டாடியபோது, குளிப்பாட்டிய பிறகு எடுத்தால் தூங்கிவிடும் என்று சொல்லி, குளியலுக்கு முந்தைய விழிப்பு நேரத்தில் வெள்ளை வேட்டியை விரித்துக் கிடத்தி, தலைமாட்டில் நின்று விரலைச் சொடுக்கிப் பார்வையை நேராக்கியவரும் அவரே.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாமான் செலவுக்குச் சீட்டுக் கிடையாது; வாரக் கடைசியில் வாய்க்கணக்காக ஒரு தொகை சொல்வார். அவர் நேர்மையில் எனக்கு ஐயமில்லை, இருந்தாலும் கட்டணம், மீன், மருந்துச் சாமான் என்று தனித்தனியே எழுதி வாங்கினால் இருவருக்கும் நல்லது. இரவுத் துணை கிடையாது என்பது பெரிய குறை. இரண்டு மணிக்கு அவர் கிளம்பியபின் மறுநாள் காலைவரை கணவன் மனைவி இருவரும்தான். தலைப்பிள்ளை பெற்றவர்களுக்கு அது மிகக் கடினமாக இருக்கும். தைப்பூசம், கோவில் திருவிழா, உறவில் கல்யாணம் என்றால் வரமாட்டார். மாற்று ஆளும் அனுப்புவதில்லை. ஒரே நேரத்தில் ஒரு வீட்டைத்தான் ஏற்பார் என்பதால், பிந்திக் கேட்பவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது.

இரட்டைப் பிள்ளைகள், குறைமாதப் பிள்ளை, தாய்க்கு இரத்த அழுத்தம் போன்ற சிக்கல்கள் இருந்தால் இந்தச் சேவை போதாது. பயிற்சி பெற்ற தாதியைத்தான் நாட வேண்டும். மற்றவர்கள் ஆறு அல்லது ஏழாம் மாதத்திலேயே பேசி, ஒருமுறை வீட்டுக்கு அழைத்து அடுப்படியையும் குளியலறையையும் காட்டி, சைவமா அசைவமா என்பதைச் சொல்லி, முன்பணம் கொடுத்து உறுதி செய்துகொள்வது நல்லது. அம்மா வருவதாக இருந்தால், பெரியம்மா பத்தியம் முடித்துக் கிளம்பும் வாரத்தில் வந்து இறங்கும்படி சீட்டுப் போடுங்கள். அந்த 30 நாளும் அப்போதுதான் முழுமையாகப் பயன்படும்.