மூன்று வருடமாக முதுகில் சொட்டும் ஸ்பிரேயர்

பக்கத்து நர்சரித் தம்பி ஒருவர், "அண்ணே, உங்க பேட்டரி ஸ்பிரேயர் எப்படி, வாங்கலாமா?" என்று கேட்டார். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டார். அன்று காலைதான் என் சட்டை முதுகுப் பக்கம் நனைந்திருந்தது.

சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் மா, எலுமிச்சைக்கு மூன்று வருடமாக இதில்தான் மருந்து அடிக்கிறேன். 16 லிட்டர் டேங்க், 12 வோல்ட் பேட்டரி. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கைப்பம்பில் இடது கை நெம்புகோலிலேயே கிடக்கும். இதில் அந்தக் கை சும்மா இருக்கிறது. கிளையை வளைத்து, இலையைத் திருப்பி அடிக்கலாம். மாவுப்பூச்சி இலைக்கு மேலேயா உட்கார்ந்திருக்கிறது? அடியிலும் காம்பு இடுக்கிலும்தான். கூம்பு நாசிலைப் போட்டு வேப்பெண்ணெய்க் கரைசலை அங்கேயே அடித்ததில் எலுமிச்சை வரிசை தேறிவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதுகுவலி குறையும் என்றுதான் வாங்கினேன், அது குறையவில்லை. தண்ணீர் மட்டுமே 16 கிலோ, அதோடு பேட்டரி வேறு.

தூள் மருந்துக்கு அவ்வளவு ஒத்துவராது. என் பழைய கைப்பம்பில் நெம்புகோலோடு சேர்ந்து உள்ளே ஒரு துடுப்பும் ஆடும். இதில் அது இல்லை, மாங்கோசெப் என்ற பூஞ்சை மருந்துத் தூள் அடியில் படிந்துவிடுகிறது. நடுநடுவே சாமி வந்த மாதிரி உடம்பை ஆட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, சட்டை நனைந்த கதைக்கு, அதாவது டேங்க் மூடிக்கு வருகிறேன். டேங்க் காலியாகும்போது காற்று உள்ளே போக மூடியில் ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. காற்றை விட வேண்டும், தண்ணீரை விடக்கூடாது. அதற்கு இருப்பது அந்த ஒரே வேலை. தாழ்ந்த கிளைக்கு அடியில் குனிந்தால் போதும், பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு. வேப்பெண்ணெய் என்றால் நாற்றத்தோடு போகும், வேறு மருந்து என்றால்? வால்வு தனியாகக் கிடைக்காதாம். முழு மூடியும் வாங்கணும், 15 வெள்ளி. இரண்டு முறை மாற்றிவிட்டேன். சில மாதம் ஒழுங்காக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இப்போது பிளாஸ்டிக் ஏப்ரனை முதுகுப் பக்கம் திருப்பிக் கட்டிக்கொள்கிறேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் வேர்த்து நனைவது தனிக்கதை.

தம்பியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். "அப்போ நீங்க ஏன் கைப்பம்புக்குத் திரும்பலை?" என்றார். எலுமிச்சை வரிசையைக் காட்டினேன். வாங்கியே தீருவேன் என்றால், கடையிலேயே தண்ணீர் நிரப்பி, மாட்டிக்கொண்டு நன்றாகக் குனிந்து பார். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.