பொய்ப்பகடை, கூ, போக்கர்: இயங்கலைப் போட்டிக்கான விதி விளக்கத்தாளைப் பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

பொய் சொல்வதும் அதைக் கண்டுபிடிப்பதுமே திறமையாகிவிட்ட விளையாட்டுகளை இயங்கலையில் போட்டியாக நடத்தும்போது, ஆட்டப் பெட்டிக்குள் வரும் விதி ஏடு பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியை நடத்துபவர்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி நாங்கள் எழுதிக்கொண்ட விளக்கத்தாளை நான் சில பருவங்களில் ஆட்டக்காரராகவும் சில பருவங்களில் நடுவராகவும் பயன்படுத்தி வருகிறேன். அதில் எது நிலைத்தது, எது மாறியது, ஏன் மாறியது என்பதை, இதே போன்ற போட்டியைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகு, ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த், சுங்கைப் பட்டாணி, கோலாலம்பூர் என ஆளுக்கொரு பக்கம் அடைபட்டிருந்த உறவினர்களும் நண்பர்களும் காணொளி அழைப்பில் கூடி விளையாடியதிலிருந்து வளர்ந்தது எங்கள் போட்டி. ஆணை விலகிய பிறகும் அது நிற்கவில்லை. பொய்ப்பகடை (Liar's Dice), கூ (Coup) என்ற சீட்டாட்டம், டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் ஆகிய மூன்று ஆட்டங்களிலும் பெறும் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கிறோம். பகடையை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் குவளைக்குள் உருட்டுவார்கள். கூ ஆட்டத்தின் சீட்டுக்கட்டு விளையாடாத ஒரு நடுவரிடம் இருக்கும். போக்கரை மட்டும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

விளக்கத்தாளின் முதல் வரி பணத்தைப் பற்றியது. அது எந்தப் பருவத்திலும் மாறவில்லை. நுழைவுக் கட்டணம் இல்லை, பணப்பரிசு இல்லை, போக்கரில் கட்டும் வில்லைகளான சிப்ஸுக்கு ரிங்கிட் மதிப்பு இல்லை, ஆட்டக்காரர்கள் தமக்குள் தனியாகப் பந்தயம் கட்டிக்கொள்வதும் கூடாது. மலேசியாவில் பொதுச் சூதாட்டக் கூடங்கள் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவை நமக்குப் பொருந்துமா என்று வாதிடும் நிலைக்கே போகாமலிருப்பது நல்லது. மேலும், சூது என்ற சொல் காதில் விழுந்தாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது. பணம் கிடையாது என்பதை எழுத்தில் காட்டிய பிறகுதான் என் பெரியம்மா, கல்லூரியில் படிக்கும் தம் மகன் இதில் சேர்வதற்குச் சம்மதித்தார்.

அடுத்து வருவது, என் கருத்தில், தாளின் உயிரான பகுதி: எதைப் பற்றிப் பொய் சொல்லலாம், எதைப் பற்றிச் சொல்லக்கூடாது. பகடையில் குவளைக்குள் இருக்கும் எண்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கையில் எத்தனை பகடை மீதமிருக்கிறது என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். கூ ஆட்டத்தில் தன்னிடம் டியூக் என்ற பாத்திரச் சீட்டு இருப்பதாகக் கூசாமல் சொல்லலாம். நாணய எண்ணிக்கையை மாற்றிச் சொல்லக்கூடாது. போக்கரில் கையிலுள்ள சீட்டின் வலிமையைப் பற்றி ஏமாற்றலாம். சிப்ஸின் அளவைப் பற்றி ஏமாற்றக்கூடாது. மூன்றுக்கும் பொதுவாக, நடுவரிடம் எதற்காகவும் பொய் சொல்லக்கூடாது. இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதாக நடித்து யோசிக்க நேரம் தேடுவதும் கூடாது. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கலாமா என்று நாங்கள் நெடுநேரம் விவாதித்தோம். பொய்தானே ஆட்டம், இதுவும் ஒரு தந்திரம்தானே என்று சிலர் நேர்மையாகவே கேட்டார்கள். ஆனால் இணைப்பு உண்மையிலேயே போகும்போது அதைச் சொல்பவரை எவரும் நம்பாத நிலை வந்துவிட்டால், அதன் பிறகு போட்டி நடத்த முடியாது. ஆட்டத்துக்குள் சொல்லும் பொய்க்குச் சவால் விட வழி உண்டு. ஆட்டத்துக்கு வெளியே சொல்லும் பொய்யைச் சோதிக்க எந்த வழியும் இல்லை. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்ட பிறகு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மிக அதிகமான திருத்தங்களைக் கண்டது பொய்ப்பகடைப் பகுதி. ஆளுக்கு ஐந்து பகடை. எல்லார் குவளைகளிலும் சேர்த்து ஓர் எண் குறைந்தபட்சம் இத்தனை முறை இருக்கிறது என்று ஏலம் கேட்க வேண்டும். அடுத்தவர் அதை உயர்த்துவார் அல்லது பொய் என்பார். அந்தச் சவாலில் தோற்பவர் ஒரு பகடையை இழப்பார். நேரில் விளையாடும்போது இதில் குழப்பம் குறைவு. காணொளி அழைப்பிலோ ஒருவர் குரல் மற்றவரைச் சென்றடைவதற்குள் இன்னொருவர் பேசிவிடுவார். "அண்ணே, நான் ஏழுன்னு சொல்லி முடிக்கவே இல்ல, அதுக்குள்ள பொய்னுட்டாங்க" என்பது தொடக்கத்தில் நடுவருக்கு ஓயாமல் வந்த முறையீடு. எனவே, வாயால் சொல்வது எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது என்றும், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுத்தில் வரும் ஏலமும் சவாலும் மட்டுமே செல்லும் என்றும் வகுத்தோம். இந்த ஒரே விதி சச்சரவுகளில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது. அதோடு பேச்சுக்கு முழுச் சுதந்திரமும் கிடைத்தது. அழைப்பில் எதை வேண்டுமானாலும் உளறலாம், மிரட்டலாம், நடிக்கலாம். எழுதும்போது மட்டும் நிதானம் வேண்டும்.

எழுதுவதிலும் சிக்கல் இருந்தது. "ஆறு நாலு" என்று ஒருவர் எழுதினால், ஆறு பகடைகளில் நாலு என்கிறாரா, நாலு பகடைகளில் ஆறு என்கிறாரா? எண்ணிக்கையை இலக்கத்திலும் பகடை முகத்தை எழுத்திலும் "6 நாலு" என்று எழுத வேண்டும் என்று தாளில் சேர்த்ததும் அது முடிந்தது. பிறகு 2023இல், அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தும் வசதி புலனத்தில் வந்தது. திருத்தப்பட்டது என்ற குறிப்பு தெரியுமே தவிர, முன்பு என்ன இருந்தது என்பது தெரியாது. ஆகவே இப்போது, ஏலத்தை உயர்த்துபவர் முந்தைய ஏலத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்: "6 நாலுக்கு மேல் 7 நாலு". முந்தையவர் பிறகு திருத்தினாலும் அடுத்தவர் வரியில் பதிவு இருக்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் இதைவிட உறுதியான ஒன்றை நாங்கள் இதுவரை காணவில்லை.

உருட்டிய எண்களுக்கு என்ன சான்று? ஏலம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தம் பகடைகளைப் படமெடுத்து நடுவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அந்தச் சுற்றுக்கென நடுவர் அறிவிக்கும் ஓர் எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிப் பகடைகளின் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால்தான் அது ஏற்கப்படும். பழைய படத்தை அனுப்ப இடமில்லை. ஆட்டத்தின் வேகம் இதனால் குறைகிறது என்பது உண்மையான குறைதான். பகடையை மென்பொருளிடமே விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் எங்களிடமும் உண்டு. கையால் குவளையைக் குலுக்கும் ஓசை அழைப்பில் கேட்பதை இழக்க எனக்கு மனமில்லை. அதற்காகச் சில நிமிடங்கள் காத்திருக்கலாம்.

ஏட்டிலேயே வேறுபாடுள்ள விதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட வேண்டும். எங்கள் தாளில், ஒன்று எந்த எண்ணாகவும் கணக்கில் சேரும். ஏலம் 7 நாலாக இருக்கும்போது ஒன்றுக்குத் தாவினால் எண்ணிக்கையைப் பாதியாக்கி மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும், அதாவது 4 ஒன்று. அங்கிருந்து வேறு முகத்துக்குத் திரும்பினால் இரட்டிப்புக்கு மேல் ஒன்று, அதாவது 9. ஒருவர் முதன்முறையாக ஒரே பகடைக்கு வந்துவிட்டால், அந்தச் சுற்றில் ஒன்றுக்கு அந்தச் சலுகை கிடையாது, தொடங்குபவர் சொன்ன முகத்தையும் மாற்ற முடியாது. கேட்ட எண்ணிக்கையும் இருக்கும் எண்ணிக்கையும் சரியாகப் பொருந்தினால் ஏலம் கேட்டவர் பக்கமே வெற்றி. இந்தக் கடைசி வாக்கியம் சொல்லாமலே விளங்கும் என்று தோன்றலாம்; புதிதாக வருபவர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி அதுதான்.

கூ ஆட்டத்தில் சிக்கல் வரிசைமுறையைப் பற்றியது. 15 சீட்டுகள், ஐந்து பாத்திரங்கள், ஒவ்வொன்றும் மூன்று. ஆளுக்கு இரண்டு சீட்டு, இரண்டு நாணயம். ஒருவர் செயலை அறிவித்ததும் யார் வேண்டுமானாலும் சவால் விடலாம், சிலவற்றைத் தடுக்கவும் செய்யலாம். மேசையில் கண்ணைப் பார்த்து நடப்பதை இயங்கலையில் தனித்தனிப் படிகளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. முதலில் செயலுக்குச் சவால் உண்டா என்று நடுவர் எழுதுவார். அதற்கான நேரம் முடிந்த பிறகே தடுப்பவர் உண்டா என்பார். தடுத்தால் அந்தத் தடுப்புக்குச் சவால் உண்டா என்பார். ஒரே நேரத்தில் இருவர் சவால் விட்டால், செயலை அறிவித்தவருக்கு இடப்பக்கமாக வரிசையில் முதலில் இருப்பவருடையதே செல்லும். யாருடைய இணையம் வேகமானது என்பது ஆட்டத்தைத் தீர்மானிக்கக்கூடாது என்பதற்காகவே, முதலில் எழுதியவர் என்ற அளவுகோலைக் கைவிட்டோம்.

இதில் மனம் நொந்துபோகிறவர்கள் பெரும்பாலும் அசாசின் என்ற கொலையாளிப் பாத்திரத்தால் தாக்கப்படுபவர்கள்தான். மூன்று நாணயம் கட்டி ஒருவர் தாக்க, தாக்கப்பட்டவர் அந்தத் தாக்குதலைத் தடுக்கும் பாத்திரமான, தம்மிடம் இல்லாத கான்டெசாவைச் சொல்லித் தடுத்து, அதற்கு வந்த சவாலில் மாட்டிக்கொண்டால், பொய்க்காக ஒரு சீட்டையும் தாக்குதலுக்காக இன்னொன்றையும் இழந்து ஒரே நொடியில் வெளியேற நேரும். இது அநியாயம் என்று தோன்றினாலும் விதிப்படி சரியே. நாணயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: தாக்கியவரின் கூற்றே பொய் என்று நிரூபணமானால் மூன்று நாணயமும் அவருக்குத் திரும்பும், கான்டெசாவால் தடுக்கப்பட்டால் திரும்பாது. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டோடு எழுதி, ஆட்டம் தொடங்குமுன் நடுவர் உரக்கப் படிக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். தெரிந்தே எடுத்த ஆபத்தில் தோற்பவர் வருந்துவாரே தவிர, கோபித்துக்கொள்வதில்லை.

போக்கரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, மென்பொருள் பெரும்பாலானவற்றைத் தானே செய்துவிடுகிறது. ஆனால் அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. 200 சிப்ஸ் கட்டியவருக்குப் பின் ஒருவர் தம்மிடமிருந்த 300ஐயும் போட்டு ஆல்-இன் ஆகிறார். மூன்றாமவரும் 300 கட்டுகிறார். ஆட்டம் முதலாமவரிடம் திரும்பும்போது அவருக்கு ரெய்ஸ் (உயர்த்தும்) பொத்தான் வராது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று அழைப்பிலேயே கூச்சல் எழும். உயர்வு 100 மட்டுமே. முழு உயர்வாகக் கருத அது 200 ஆக இருந்திருக்க வேண்டும். ஆகவே ஏற்கெனவே ஆடி முடித்தவருக்கு மீண்டும் உயர்த்தும் உரிமை திறக்கவில்லை. இன்னும் ஆடாதிருந்த மூன்றாமவர் விரும்பியிருந்தால் உயர்த்தியிருக்கலாம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதியபின் கூச்சல் அடங்கியது.

மென்பொருளால் பார்க்க முடியாத இடங்களில்தான் போக்கருக்கு விளக்கம் தேவை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, மடக்கிய சீட்டு இன்னது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஒரு கைக்கு ஒருவரே முடிவெடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி யோசனை சொல்லக்கூடாது. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் இருந்தால் ஒருவரை ஒருவர் காப்பாற்றும் விதமாக மென்மையாக ஆடக்கூடாது என்பதையும் வெளிப்படையாகவே எழுதினோம். 2001இல் தொடங்கப்பட்ட, போக்கர் போட்டி நடத்துநர்களின் சங்கமான டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் தன் விதிகளின் தொடக்கத்திலேயே, ஆட்டத்தின் நலனையும் நேர்மையையும் முதன்மையாகக் கொண்டு நடுவர் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. எங்கள் தாளில் சொல்லப்படாத எதற்கும் அந்த அளவுகோலையே பின்பற்றுகிறோம்; ஆனால் அவ்வாறு எடுத்த முடிவு அடுத்த ஆட்டத்துக்குள் தாளில் ஏறிவிட வேண்டும்.

இணைப்புத் துண்டிப்புக்கு மூன்று ஆட்டங்களுக்கும் ஒரே விதி வைக்க முயன்றது சரிப்படவில்லை. மாலை நேர இடிமழையில் ஒரு பகுதியே இருளில் மூழ்குவது இங்கே புதிதல்ல. போக்கரில் நேரம் முடிந்ததும் மென்பொருளே மடக்கிவிடும், அதில் நாம் தலையிடுவதில்லை. கூ ஆட்டத்தில் பதில் வராவிட்டால் சவால் இல்லை, தடுப்பும் இல்லை என்று கொள்கிறோம். ஒருவருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்களின் முகங்களே பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். பகடையில் மட்டும் காத்திருக்கிறோம், ஏனென்றால் அவருடைய பகடைகளின் படம் நடுவரிடம் பத்திரமாக இருக்கிறது. அவர் திரும்பி வரவே இல்லையென்றால் அவருடைய சுற்றை மட்டும் நீக்கிவிட்டு, அவரிடம் இருந்த பகடை எண்ணிக்கையை அப்படியே வைக்கிறோம்.

இன்னும் தீராதது கேமராப் பிரச்சினை. முகத்தைக் காட்டாதவருக்குப் பொய் சொல்வது எளிது. ஆனால் இணையம் மெதுவான வீட்டில் இருப்பவரைக் கேமராவைத் திறக்கச் சொன்னால் அழைப்பே நின்றுவிடும். ஒரு மேசையில் ஒருவரால் முடியாவிட்டால் அனைவரும் மூடிவிட வேண்டும் என்பது இப்போதைய விதி. அது நியாயமாக இருந்தாலும் ஆட்டத்தின் சுவையைக் குறைக்கிறது என்று பலர் சொல்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். வெளியேறியவர்களின் ஒலிவாங்கியை ஆட்டம் முடியும்வரை மூடிவைப்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

இந்தத் தாளைத் தங்கள் வட்டத்துக்கு எடுத்துக்கொள்ள விரும்புவோருக்குச் சொல்ல வேண்டியது: ஒரு மேசைக்கு ஆறு பேருக்கு மேல் வைக்காதீர்கள், மேசைக்கு ஒரு நடுவர் கட்டாயம், அவர் அந்த மேசையில் ஆடக்கூடாது. நடுவராக உட்கார ஆள் கிடைக்காத வட்டங்கள் பகடையையும் கூவையும் முழுக்க மென்பொருளிலேயே ஆடிவிட்டு, எங்கள் தாளிலிருந்து எதைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.