ரெட் சாக்ஸுக்கு வாழ்க்கைப்பட்டவள்

பேஸ்பால் எனக்கு ஒரு அட்சரம் தெரியாது. ஆனால் ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் ஓவர் இடைவெளியில் சாப்பாடு பரிமாறுகிறவள் நான். 'ஃபீவர் பிட்ச்' (2005) என்ற ஹாலிவுட் படம் பார்க்க அந்தத் தகுதி போதும்.

பென் (ஜிம்மி ஃபாலன்) பாஸ்டனில் பள்ளிக்கூட வாத்தியார். லிண்ட்ஸி (ட்ரூ பேரிமோர்) ராப்பகலாக லேப்டாப்பும் கையுமாக உழைப்பவள். குளிர்காலத்தில் பழகுகிறார்கள். அப்போது ஆட்டம் கிடையாது, பையன் சொக்கத்தங்கம். சீசன் தொடங்கியபிறகுதான் அவளுக்குத் தெரிகிறது, பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் மூத்த தாரம், தான் இரண்டாந்தாரம் என்று.

பென்மேல் கோபம் வராததற்குக் காரணம் அவனுடைய மாமா. புது ஊரில் தனியாக நின்ற ஏழு வயதுப் பையனை ஃபென்வே பார்க் மைதானத்துக்குக் கூட்டிப்போனவர். அவர் விட்டுப்போன இரண்டு சீசன் டிக்கெட்தான் அவனுக்குச் சொத்து. பக்கத்து இருக்கைக்காரர்கள்தான் சொந்தம்.

படத்தின் உச்சம் ஒரு பார்ட்டி ராத்திரி. அவளுக்காக, பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணியுடனான ஆட்டத்தையே விட்டுவிட்டு வருகிறான், உருகுகிறான். பிறகு ஒரு போன். ஏழு ரன் பின்தங்கியிருந்த ரெட் சாக்ஸ் கடைசி இன்னிங்ஸில் ஜெயித்துவிட்டதாம்! போச்சு. அந்த மூஞ்சியை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று ஒரு ரிசப்ஷனில் மாட்டிக்கொண்டோம். தோனியின் அந்த சிக்ஸரை நேரலையில் பார்க்காத ஆற்றாமை என் வீட்டுக்காரருக்கு இன்னும் தீரவில்லை; அந்தத் தம்பதியைக் கண்டால் இப்போதும் சிரிப்பு பாதிதான் வரும்.

1918-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி என்பதால் தோல்வியை வைத்துத்தான் முடிவு எழுதியிருந்தார்கள். 2004-இல் அந்த அணி யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, அடுத்த நான்கையும் ஜெயித்து, கோப்பையையும் தூக்கிவிட்டது. இயக்குநர்கள் ஃபாரெல்லி சகோதரர்கள் கடைசி ஆட்டம் நடந்த செயின்ட் லூயிஸுக்கு ஓடி, நிஜக் கொண்டாட்டத்துக்கு நடுவே ஜோடியை முத்தமிட வைத்துப் படம்பிடித்தார்கள். கதாசிரியனுக்கு இப்படி யோகம் அடிக்கக் கூடாது!

ஒரே மனக்குறை. பென் டிக்கெட்டை விற்கத் துணிகிறான். அதைத் தடுக்க மைதானத்துக்குள் குதித்து ஓடுகிறவள் லிண்ட்ஸி. விற்கவிட்டுப் பார்த்திருக்கலாமே? கடைசியில் ஓட்டமும் இளைப்பும் அவளுக்குத்தானா?

பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படமும் பார்த்த இவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த சீசன் டிக்கெட் என்ன விலை இருக்கும்?"