லென்ஸ் வாடகைக்கு எடுக்கிறீர்களா, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கேமரா லென்ஸ் வாடகைக்கு எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 8,000 ரூபாய் போயிருக்கிறது. அதைவிட வயிற்றெரிச்சல், பெங்களூரு பன்னேர்கட்டா சஃபாரியில் எடுத்த நானூற்றுச் சொச்சம் படமும் குப்பை.

அக்கா பையனுக்குப் பரீட்சை முடிந்ததும் சிங்கம் புலி பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வண்டலூர் பக்கம்தான், ஆனால் அவன் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தாயிற்று, அதனால் பெங்களூரு. (செவ்வாய்க்கிழமை இரண்டு இடமும் லீவு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) என்னிடம் இருப்பது 55-250 லென்ஸ், தூரத்தில் நிற்பதை அவ்வளவு பெரிதாக எடுக்காது. சஃபாரி வண்டியிலிருந்து இறங்கவும் முடியாது, கொஞ்சம் கிட்டே விடுங்கள் என்று டிரைவரிடம் கேட்கவும் முடியாது என்பதால் புதுச்சேரியில் ஒரு கடையில் தூரத்தில் இருப்பதை இன்னும் கிட்டே இழுக்கும் 150-600 ஒன்றை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தேன். கடை பேர் வேண்டாம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. நாளுக்கு 1,200, முன்பணம் 12,000.

ராத்திரி கடை சாத்தும் நேரத்துக்குப் போனது என் தப்பு. "நேத்துதான் சர்வீஸ் முடிஞ்சு வந்துச்சுண்ணே, புதுசு மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். முன்கண்ணாடி பளபளவென்றுதான் இருந்தது. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு பெங்களூரு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

நாங்கள் ஏறிய வண்டியில் ஜன்னலுக்குக் கம்பி வலை. அதைத் தாண்டி எடுப்பது பெரிய வித்தை இல்லை: லென்ஸை வலைக்கு ஒட்டினாற்போல் வைத்து, அபெர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, நன்றாக ஜூம் செய்தால் கம்பி கரைந்து காணாமல் போய்விடும், விலங்கு வலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. ஃபோகஸ் போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கிட்டத்தில் தேடாமல் தூரத்தில் மட்டும் தேட வைக்கும் ஒரு சுவிட்ச் இந்த மாதிரி லென்ஸ்களின் பக்கவாட்டில் இருக்கும். எனக்குக் கொடுத்ததில் அது தொளதொளவென்று ஆடியது, எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றுதான். புலி தண்ணீரில் இறங்கி எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, லென்ஸ் முன்னும் பின்னும் கர்ர் கர்ரென்று ஓடி வலையைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி வலை. கையால் ஃபோகஸைத் திருப்பலாம் என்றால் வண்டி குலுங்குகிற குலுங்கலில் ரெண்டு கிலோ லென்ஸை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறு கையால் திருப்புவதற்குள் டிரைவர் கியர் போட்டுவிட்டார்.

சரி, ஃபோகஸ் கிடைத்த படங்களாவது தேறும் என்று பார்த்தால் கரடியின் கறுப்பு ரோமம் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. வெயிலுக்கு எதிர்ப்பக்கம் படுத்திருந்த சிங்கம் பாலில் முக்கி எடுத்ததுபோல் வெளிறிக் கிடக்கிறது. வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். ராத்திரி லாட்ஜில் லென்ஸின் பின்பக்கமாக போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்கண்ணாடியில் எட்டுக்கால் பூச்சி வலை பின்னிய மாதிரி பூஞ்சை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அதே டார்ச்சை அவர் அடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க ஈரத்துல வெச்சிருக்கீங்க, கிளீனிங் செலவு இருக்கு" என்று முன்பணத்தில் 4,000 மட்டும் நீட்டினார். அவ்வளவு வலை மூன்று நாளில் எப்படி அய்யா படரும்? போன மறுநாள் காலையில் எடுத்த முதல் படத்திலேயே அந்த வெளிறல் இருக்கிறது, தேதியும் நேரமும் ஃபைலிலேயே பதிந்திருக்கிறது, காட்டினேன். "கையெழுத்துப் போட்டிருக்கீங்களேண்ணே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நம் ஊர்க் கடற்காற்றில் பூஞ்சை பிடிப்பது சகஜம்தான், அதனால்தான் ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் நிறுத்தும் உலர்பெட்டியில் லென்ஸ்களை வைப்பார்கள். இவர் என் கண் முன்னாலேயே அதை மர பீரோவில் பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். அடுத்து எடுத்துப் போகிறவர் யாரோ.

வாடகைக்கு எடுப்பவர்கள் பகலில் போங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், கேமராவில் மாட்டி எல்லா சுவிட்சையும் தள்ளிப் பாருங்கள், கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன், கடையிலிருந்து இதுவரை சத்தம் இல்லை. அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, 2019 சட்டப்படி கடை புதுச்சேரியில் இருந்தாலும் நான் குடியிருக்கும் கடலூரிலேயே மனு போடலாம். அந்த முதல் கரடிப் படத்தைப் பிரிண்ட் போட்டு மனுவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அக்கா பையன் தன் போனை வலை ஓட்டையில் வைத்து எடுத்த மான் படம் மட்டும் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.